பெரியப்பாவின்ர கூத்துப்பாட்டைப் பதிய இலவச சொவ்ட்வெயர் காணுமோ?

வடலி (முள்ளியவளை):

எல்லாருக்கும் வணக்கம். என்ர பெரியப்பா கூத்துப் பழக்கிற அண்ணாவியார், வயசு 78. வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில கோவலன் கூத்து எண்டா எங்கட பக்கம் அவரைத்தான் தேடி வருவினம். இப்ப மூச்சு வாங்குது. ஆனா விருத்தம் எடுத்தா இன்னும் சுருதி விலகாது. எழுதி வைச்ச கொப்பியள் எல்லாம் இடம்பெயர்வோட போட்டுது. மிச்சம் அவற்ற வாயிலதான் இருக்கு. அதைப் பதிஞ்சு வைக்கோணும்.

கையில இருக்கிறது பழைய லப்டொப் ஒண்டு: கோர் ஐ3, 4 ஜிபி றாம், விண்டோஸ் 10. யூஎஸ்பி மைக் ஒண்டு. நான் பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். கொம்பியூட்டரில கேள்வித்தாள் அடிப்பன், பிறின்ற் எடுப்பன், அதுக்கு மேல தெரியாது.

மூண்டு பேரைக் கேட்டன். கொம்பியூட்டர் கடைத் தம்பி, "அக்கா, பெரிய ஸ்ரூடியோக்காரர் பாவிக்கிறதையே 1,500 ரூபாக்குப் போட்டுத் தாறன்" எண்டார். அது எப்பிடி அவ்வளவு மலிவு எண்டு கேட்க சிரிச்சார். என்ர மாணவி ஒருத்தியின்ர அண்ணன், திறந்த மூலச் சொவ்ட்வெயர் (நிரலை ஆரும் பாத்து, மாத்தி, பகிரக்கூடியது) இருக்கு, சதம் செலவில்லை எண்டார். அம்மா, போனிலயே பதி எண்டா. என்னைப் போல சாதாரண ஆள் பாவிக்கிற அளவுக்கு உந்தத் திறந்த மூலச் சாமான்கள் வந்திட்டுதோ?

ஒலிக்காரன் (வவுனியா):

தங்கச்சி, மனம் நோகாமல் சொல்லுறன், வரேல்ல.

நான் பன்ரண்டு வருசமா சின்ன ஸ்ரூடியோ ஒண்டு வைச்சிருக்கிறன். கோயில் பாட்டு, கலியாண வீட்டுப் பாட்டு, நினைவஞ்சலிப் பாட்டு எல்லாம் செய்யிறன். 2016இல ஆரோ சொன்னதைக் கேட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் எண்ட இலவச இயங்குதளம் போட்டன். திருவிழாவுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க செட்டிகுளத்தில இருந்து பாடகர் வந்து கதிரையில இருக்கிறார், எனக்குப் பதிவுக்குச் சத்தத்தைக் கொண்டுபோற ஜாக் எண்ட சொவ்ட்வெயர் தொடங்குதில்லை. பிறவுசரில ஒரு வீடியோவைத் திறந்து விட்டிருந்தன், அது சவுண்ட் கார்ட்டைப் பிடிச்சு வைச்சிருக்காம். அதைக் கண்டுபிடிக்க நாலு மணித்தியாலம். பாடகர் ரெண்டு தரம் தேத்தண்ணி குடிச்சார். மூண்டாந்தரம் குடுக்க, "தம்பி, கடைசி பஸ் போயிடும்" எண்டிட்டு எழும்பிட்டார். அண்டிரவே விண்டோஸுக்குத் திரும்பினன்.

சாதாரண ஆள் பட்டனை அமத்தினாப் பதியோணும். பதியாட்டி பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டுக் கேட்க ஏலோணும். இந்த ரெண்டும் இல்லாட்டி எவ்வளவு திறமான சாமானெண்டாலும் எங்களுக்கு உதவாது.

போனில பதியிறது ஞாபகத்துக்குச் சரி. ஆனா கனக்கப் போனில குரலைத் தூக்கி மற்றச் சத்தத்தை அமத்திற வேலை தானா நடக்கும். பெரியப்பா பாட மத்தளம் சேந்தா, ஒவ்வொரு அடிக்கும் குரல் உள்ள போய் வெளிய வரும்.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

ஒலிக்காரன் அண்ணை, உங்கட கதை பத்து வருசப் பழசு. அப்ப லினக்ஸில ரெண்டு ஆள் ஒரு கதிரைக்கு அடிபட்ட மாதிரித்தான் இருந்தது. பாட்டுக் கேட்கப் பல்ஸ்ஓடியோ, பாட்டுச் செய்ய ஜாக். ஒண்டு கார்ட்டைப் பிடிச்சா மற்றதுக்கு இல்லை. பிறகு விம் டேமன்ஸ் எண்டவர் பைப்வயர் எண்டு ஒண்டைச் செய்தார். ரெண்டு பேரின்ர வேலையையும் அது தனியாப் பாக்கும். லினக்ஸ் வகையளில ஃபெடோரா 34, 2021இல அதுக்கு மாறினது. உபுண்டு 22.10இல மாறினது. இப்ப பிறவுசரில வீடியோ ஓட ஓடப் பக்கத்தில பதியலாம்.

ரீச்சருக்கு ஒரு முக்கியமான விசயம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 எண்டா இன்ரெலில எட்டாம் தலைமுறையோ அதுக்குப் பிந்தினதோ வேணும். உங்கட ஐ3 பழசெண்டா அது ஏறாது. லினக்ஸ் போட்டா அந்த லப்டொப் இன்னும் அஞ்சு வருசம் ஓடும். ஓடாசிட்டி பதிய, ஆர்டோர் கலக்க, எல்எம்எம்எஸ் இசை கட்ட, ஹைட்ரஜன் தாளத்துக்கு. எல்லாம் சட்டப்படி. பென் ட்றைவில போட்டு உங்கட பள்ளிக்கூடம் முழுக்கக் குடுத்தாலும் ஒருத்தரும் கேட்க ஏலாது. கடைத் தம்பி சிரிச்சுக்கொண்டு தாறதுக்கு அந்த உரிமை இல்லை.

ஒலிக்காரன் (வவுனியா):

தம்பி, ரீச்சர் கேட்டது ஒரு குரலைப் பதிய. நீர் நாலு பேர் சொல்லிட்டீர். அதுதான் உங்கட ஆக்களின்ர வருத்தமே. ஆரும் ஒரு கேள்வி கேட்டா ஒரு கடையைத் திறந்து காட்டுவியள்.

இலவசம் எண்டும் சொல்லாதையும். ஆர்டோரை விண்டோஸுக்கு அவையின்ர தளத்தில எடுக்கப் போனா காசு கேட்கும். காசு கட்டாட்டி மாதிரிப் பிரதி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்க இடையில மௌனமாகிடும். முதல் தரம் பாத்தவன் மைக் பழுதெண்டு நினைச்சு மைக்கை மாத்துவான்.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

காசு கேட்கிறது கட்டி முடிச்ச பிரதிக்கு. மூலநிரல் இலவசம்தான். டெபியன், உபுண்டு எண்ட லினக்ஸ் வகையளின்ர களஞ்சியத்தில இருந்து எடுத்தா ஒரு சதமும் இல்லை, மௌனமும் இல்லை. ஆர்டோரைத் தொடங்கின போல் டேவிஸ் அந்தச் சந்தாக் காசிலதான் வருசக்கணக்கா முழுநேரமா அதில இருக்கிறார். அமேசன் கம்பனி தொடங்கேக்க அங்க நிண்ட முதல் புரோகிராமர்களில ஒருத்தர் அவர், தெரியுமோ? அங்கேயே இருந்திருக்கலாம். ஜாக்கும் அவர் செய்ததுதான், ஆனபடியா உங்கட செட்டிகுளத்துப் பாடகரின்ர பாவம் அவருக்கும் கொஞ்சம் சேரும்.

ஒரு கேள்வி கேட்கிறன், கோவிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் பாவிக்கிறது காசு குடுத்து வேண்டினதோ?

ஒலிக்காரன் (வவுனியா):

கோவிக்கேல்ல. இப்ப ஓம், முந்தி இல்லை. எட்டு வருசம் கிராக்கில, அதுதான் பூட்டு உடைச்ச களவுப் பிரதியில, ஓடினன். இஞ்ச ஆர் ஓடேல்ல? ஒரு நாள் பிளக்கின் எண்ட துணைச் சொவ்ட்வெயர் ஒண்டின்ர கிராக்கோட வந்த வைரஸ், வன்தட்டில இருந்த பைல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு டொலரில காசு கேட்டுது. ஒரு அம்மன் கோயிலுக்குச் செய்த ஆறு பாட்டு, பாதி முடிஞ்ச நிலையில போச்சு. பூசாரிக்கு என்னெண்டு சொல்லுறது? "வைரஸ்" எண்டன். அவர் விபூதி பூசி விட்டார்.

அதுக்குப் பிறகு ரீப்பர் எண்ட பதிவுச் சொவ்ட்வெயர் வேண்டினன். அது திறந்த மூலம் இல்லை, ஆனா நேர்மையான சாமான். இறக்கிறதுக்கு 20 எம்பி கூட வராது, அறுபது நாள் முழுசாப் பாவிச்சுப் பாக்கலாம், சின்ன ஆக்களுக்கு 60 டொலர். ஒரு டொலர் முந்நூறு ரூபாயெண்டு பாத்தா 18,000.

நீர் கேட்டதால உள்ளதைச் சொல்லுறன், இதைத்தான் உங்கட ஆக்கள் விளங்கிக்கொள்ளுறேல்ல. இலவசம், இலவசம் எண்டு மேளம் அடிக்கிறியள். கிராக் கிடைக்கிற ஊரில இலவசம் எண்டது ஒரு நன்மையே இல்லை. இஞ்ச எல்லாமே இலவசம், இல்லாட்டி 1,500 ரூபா. அப்ப பெடியள் எதை எடுப்பாங்கள்? பக்கத்தில இருக்கிறவன் எதை வைச்சிருக்கிறானோ அதை. தமிழில யூரியூப்பில எதுக்கு வீடியோ இருக்கோ அதை. நான் தேடினா பத்தில எட்டு, எஃப்எல் ஸ்ரூடியோ எண்ட பாட்டுச் செய்யிற சொவ்ட்வெயருக்கு. பெடியன் ஒருத்தன் மாங்குளத்தில பீற் போடுறான் எண்டா, சென்னையில இருக்கிற ஆரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்துத்தான் போடுறான். ஆர்டோருக்கு அப்பிடி ஒருத்தரைக் காட்டும் பாப்பம்.

மத்தளம் (ஒட்டுசுட்டான்):

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டுவினம். இஞ்ச ரீச்சருக்கு விழுது. பிள்ளை, ரெண்டு பேரையும் விடு. பெரியப்பாவை இருத்திப் பதியத் தொடங்கு. 78 வயசு காத்திராது.

குருத்தோலை (மன்னார்):

நான் கோயில் பாடகர்குழுவுக்குப் பாட்டு எழுதிக் குடுக்கிற ஆள். ஒலிக்காரன் அண்ணை பதிவைப் பற்றிச் சொல்லுறது சரியா இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனா "வரேல்ல" எண்டு முழுசாச் சொல்லாதேங்கோ. இசைக்குறிப்பு எழுதிறதில அது எப்பவோ வந்திட்டுது. எட்டு வருசமா மியூஸ்ஸ்கோரிலதான் நாலு குரலுக்கும் எழுதுறன். தமிழ் வரியைச் சுரத்துக்குக் கீழ அசை அசையா அடிக்கலாம், ஒரு அசை மூண்டு சுரத்துக்கு நீண்டாக் கோடு போடும். ரெனர் ஆக்கள் தங்கட வரியை மட்டும் போனில கேட்டுப் பழகிக்கொண்டு வருவினம். 2022 டிசம்பரில வந்த நாலாம் பதிப்போட கேட்கிற சத்தமும் நல்லாயிட்டுது. நேர்மையாச் சொன்னா அந்த மியூஸ் சவுண்ட்ஸ் இலவசம், ஆனா திறந்த மூலம் இல்லை.

காசு குடுத்து வேண்டினா நிலைக்கும் எண்டும் இல்லை. ஃபினாலே எண்டது இசைக்குறிப்பு எழுதப் பெரிய பெரிய இசைக்காரர் பாவிச்ச சாமான். 35 வருசத்துக்குப் பிறகு 2024 ஓகஸ்டில அந்தக் கம்பனியே இனி இல்லை எண்டு அறிவிச்சிட்டுது. அதில எழுதி வைச்சவை எல்லாம் இப்ப வேற இடத்துக்கு மூட்டை முடிச்சோட வெளிக்கிடுகினம். இடம்பெயர்வு எங்களுக்கு மட்டும் இல்லை கண்டியளோ.

ஒலிக்காரன் (வவுனியா):

குருத்தோலை அக்கா, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா நிலைக்கிறதைப் பற்றிச் சொன்னா மற்றப் பக்கத்தையும் சொல்லுங்கோ. ஓடாசிட்டியை 2021இல மியூஸ் குரூப் எண்ட கம்பனி எடுத்தது. பாவிக்கிற ஆக்களின்ர விவரம் சேர்க்கப்போகினம் எண்டு உலகம் முழுக்கச் சண்டை.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

சண்டை பிடிச்சதால அந்தத் திட்டத்தைக் கைவிட்டினம். நம்பாத ஆக்கள் நிரலை எடுத்து டெனாசிட்டி எண்டு தனிப்பிரதி துவங்கினவை. ஃபினாலேயை அப்பிடி ஆரும் எடுத்து நடத்த ஏலுமோ? பூட்டின வீட்டுக்காரன் போனா வீடு பாழ். இது ஊர்க்கிணறு.

பனிக்காடு (ரொறன்ரோ, ஊர் புதுக்குடியிருப்பு):

வாசிக்க ஆசையா இருக்கு. வடலி தங்கச்சி, 60 டொலர்தானே, நான் ரீப்பர் வேண்டித் தாறன். புது லப்டொப்பும் அனுப்பலாம். சண்டையை விடுங்கோ.

வடலி (முள்ளியவளை):

பனிக்காடு அண்ணை, உங்கட மனசுக்கு நன்றி. லப்டொப் வேண்டாம். பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கேட்கக்கூடிய மாதிரி ஒரு நல்ல ஹெட்ஃபோன் கிடைச்சா அதுவே பெரிய உதவி.

இப்ப நடந்ததைச் சொல்லுறன், சிரிக்கக் கூடாது.

விண்டோஸிலயே ஒருக்காப் பாப்பம் எண்டு, பெடியன் தம்பி சொன்ன நாலு பேரில மூண்டாவதா நிண்ட எல்எம்எம்எஸை இறக்கினன். வடிவான பெட்டியள், கலர் கலரா. பெரியப்பாவை வேட்டி மாத்தி இருத்தியாச்சு. சிவப்புப் பட்டனைத் தேடுறன், தேடுறன், இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வாசிச்சுத் தெரிஞ்சுது, அதில மைக்கால பதியவே ஏலாதாம்! பெரியப்பா நித்திரையாப் போட்டார்.

அடுத்த நாள் ஓடாசிட்டி. பத்து நிமிசத்தில பதிஞ்சிட்டன். உண்மையா, பட்டனை அமத்தினன், பதிஞ்சுது. நாப்பது நிமிசம். வரவு விருத்தம், ரெண்டு தரு (தாளத்தோட வாற பாட்டு), இடையில தன்ர குரு எப்பிடி அடிச்சவர் எண்ட கதை. கேட்டா ரெண்டு பிழை. முழுக்க "ம்ம்ம்" எண்டு ஒரு இரைச்சல். மற்றது மயில். விடிய ஆறு மணிக்கு அமைதி எண்டு நினைச்சுத் தொடங்கினன். கண்ணகி அழுகிற இடத்தில மூண்டு மயில் சேந்து அழுகுது.

மத்தளம் (ஒட்டுசுட்டான்):

மயிலை விடு. அதுவும் இந்த ஊர்தானே.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

ரீச்சர், எல்எம்எம்எஸ் பிழை என்னில. 1.2 பதிப்பில மைக் பதிவு இல்லை எண்டு நான் சொல்லியிருக்கோணும். எனக்கு அது தெரிஞ்ச விசயம், ஆனபடியா சொல்லத் தோணேல்ல.

இரைச்சல் சார்ஜரால வாறது. பதியேக்க சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில ஓடவிடுங்கோ. அப்பவும் இருந்தா, ஓடாசிட்டியில ஆரும் பாடாத ரெண்டு செக்கனைத் தெரிவு செய்து, இரைச்சல் குறைக்கிற எஃபெக்டில அதை மாதிரியாக் குடுத்திட்டு, பிறகு முழுசுக்கும் போடுங்கோ. கனக்கப் போடாதேங்கோ, குரல் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி வரும். மற்றது, ஒரு மைக்தானே, மோனோவில பதியுங்கோ. ஸ்ரீரியோவில ஒரே சத்தத்தை ரெண்டு தரம் எழுதி வைக்கும். நாப்பது நிமிசம் 850 எம்பி வரும், மோனோ எண்டா அரைவாசி.

ஒலிக்காரன் (வவுனியா):

சார்ஜர் விசயம் சரி, அதில தம்பியோட சண்டை இல்லை. எந்தச் சொவ்ட்வெயரிலும் அது அப்பிடித்தான்.

ரீச்சர், இன்னொண்டு. ஓடாசிட்டி பைலை ஆருக்கும் குடுக்கேக்க வேவ் எண்ட சாதாரண ஒலிப் பைலாக்கிக் குடுங்கோ. பழைய பதிப்பில ஒரு சின்ன பைலும் பக்கத்தில பெரிய டேற்றா ஃபோல்டரும் இருக்கும். நான் ஒருக்கா சின்னதை மட்டும் பென் ட்றைவில கொண்டுபோய்ப் பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டு நிண்டன். 2021இல வந்த மூண்டாம் பதிப்பில எல்லாத்தையும் ஒரே பைலாக்கிட்டினம். திருத்தினது நல்லது, ஆனா திருத்த இருவது வருசம்.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

அண்ணை இலக்கம் எல்லாம் ஞாபகம் வைச்சிருக்கிறார். பாவிக்கிறேல்ல எண்டவர்!

வடலி (முள்ளியவளை):

சார்ஜரைக் கழட்ட இரைச்சல் போயே போச்சு. நன்றி தம்பி.

ஆனா இப்ப புதுப் பிரச்சினை, இது பெரிசு. பெரியப்பாவின்ர பாட்டை வைச்சுக்கொண்டு, மத்தளக்கார மாமாவைக் கூப்பிட்டு, ஹெட்ஃபோனில பாட்டைக் கேட்டுக்கேட்டு அடிக்கச் சொல்லி அடுத்த ட்றக்கில பதிஞ்சன். போட்டுக் கேட்டா மத்தளம் பிந்தி விழுது. ஒவ்வொரு அடியும். திரும்பப் பதிஞ்சம், திரும்பவும் பிந்துது. மாமாவுக்கு முகம் மாறிப்போச்சு. "நாப்பது வருசமா அடிக்கிறன், நான் பிந்துறனோ?" எண்டு கேட்டிட்டு மத்தளத்தைத் துணியில சுத்திக்கொண்டு போட்டார். தேத்தண்ணியும் குடிக்கேல்ல. பெரியப்பா என்னோட கதைக்கிறார் இல்லை.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

ஐயோ. மாமா பிந்தேல்ல. கொம்பியூட்டர்தான் பிந்தினது. சத்தம் ஹெட்ஃபோனுக்குப் போகவும் மைக்கில இருந்து வரவும் நேரம் எடுக்கும். ஓடாசிட்டி அதை ஈடுசெய்ய 130 மில்லி செக்கன் எண்டு ஒரு இலக்கத்தைத் தானா வைச்சிருக்கும். உங்கட மெசினுக்கு அது பொருந்தேல்ல.

செய்யிற முறை: தாளக் கிளிக் ஒண்டு உருவாக்குங்கோ. ஹெட்ஃபோனை மைக்குக்குக் கிட்டப் பிடிச்சு, கிளிக்கை ஓடவிட்டு அடுத்த ட்றக்கில பதியுங்கோ. ரெண்டு கிளிக்குக்கும் இடையில எவ்வளவு இடைவெளி எண்டு பெருப்பிச்சுப் பாத்து, அந்தளவுக்குச் செற்றிங்ஸில லேற்றன்சி (பிந்திற நேரம்) இலக்கத்தைத் திருத்துங்கோ. ஒருக்காச் செய்தாப் போதும். மைக்கையோ சவுண்ட் செற்றிங்ஸையோ மாத்தினாத் திரும்ப.

ஒலிக்காரன் (வவுனியா):

இதைத்தான் முதல் பதிவில சொன்னன். ஒரு ரீச்சர், கிளிக்கை மைக்குக்குக் கிட்டப் பிடிச்சு, மில்லி செக்கனில அளந்து, இலக்கத்தைத் திருத்தோணுமாம். 130 மில்லி செக்கன் எண்டா சத்தம் காத்தில நாப்பத்துநாலு மீற்றர் போற நேரம். மாமா முத்தத்தில இருந்து அடிக்க, அது படலையைத் தாண்டி றோட்டில இருந்து கேட்ட மாதிரி. அந்த மனுசன் கோவிச்சுக்கொண்டு போனதில என்ன பிழை? பிழை ஆரிலயெண்டு சொவ்ட்வெயர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லாது.

ரீப்பரில நல்ல டிரைவரோட (கார்ட்டையும் சொவ்ட்வெயரையும் இணைக்கிற நிரல்) போனா, கார்ட்டே தான் எவ்வளவு பிந்துது எண்டு சொல்லும். மனுசர் அளக்கத் தேவையில்லை.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

அந்த நல்ல டிரைவர் ஏசியோ. அது ஸ்ரைன்பேர்க் கம்பனியின்ர. அதின்ர உரிம நிபந்தனை திறந்த மூல உரிமத்தோட ஒத்துவராததால ஓடாசிட்டிக்காரர் அதைச் சேர்த்துக் குடுக்க ஏலாமல் இருந்தது. செய்யத் தெரியாமல் இல்லை, கதவைப் பூட்டி வைச்சிருந்தவை. 2025இல அந்தக் கம்பனியே ஏசியோவைத் திறந்த மூல உரிமத்திலும் பாவிக்கலாம் எண்டு விட்டிட்டுது. இனிமேல் மாறும்.

ஒலிக்காரன் (வவுனியா):

"இனிமேல்". 2016இலயும் இதே சொல்லைத்தான் கேட்டன், தம்பி. ஆரில பிழை எண்டது வழக்குக்கு உதவும். மாமா திரும்பி வர உதவாது.

மத்தளம் (ஒட்டுசுட்டான்):

ரெண்டு பேரும் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ.

பிள்ளை, ஏன் தனித்தனியப் பதிஞ்சனீ? ஆர் சொன்னது? கூத்தில மத்தளம் பாட்டுக்குப் பின்னால போறேல்ல. பாடுறவற்ற வாயைப் பாத்து அடிக்கிறது. அவர் மூச்சு எடுக்கிற இடம் தெரியோணும். விருத்தம் முடிஞ்சு தரு தொடங்கேக்க கண்ணால ஒரு சைகை வரும், அதுக்குத்தான் கை விழும். ஆட்டக்காரன் களரிக்கு வரவர வேகம் கூடும், ஒருத்தரும் எண்ணிக் கூட்டுறேல்ல. ஹெட்ஃபோனுக்க என்ன கண் இருக்கு?

ரெண்டு பேரையும் ஒரு பாயில இருத்து. பிற்பாட்டுக்கு ரெண்டு பேரையும், சல்லாரித் தாளம் போடுறவரையும் கூப்பிடு. மைக்கைப் பெரியப்பாவுக்குக் கிட்ட வை, மத்தளத்தை ரெண்டு முழம் தள்ளி வை. பதி. எந்தச் சொவ்ட்வெயர் எண்டாலும் சரி.

நானும் ஒரு கேள்வி கேட்கிறன், தம்பியிட்ட. உந்தக் கொம்பியூட்டருக்குள்ள மத்தளம் இருக்கோ?

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

இல்லை ஐயா. எல்லாக் கீபோர்ட்டிலயும் கொம்பியூட்டரிலயும் பொதுவா வாற ஜெனரல் மிடி வரிசை எண்டு ஒண்டு இருக்கு, 128 வாத்தியம். அதில சித்தார் 105ஆவது, செனாய் 112ஆவது. துப்பாக்கிச் சத்தம்கூட 128ஆவதா இருக்கு. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, மத்தளம் இல்லை.

மத்தளம் (ஒட்டுசுட்டான்):

துப்பாக்கி இருக்கு, மத்தளம் இல்லை. சரி.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

ஆனா ஐயா, ஹைட்ரஜனில நாங்களே சேர்க்கலாம். நீங்கள் மத்தளத்தின்ர ஒவ்வொரு அடிச்சொல்லையும் தனித்தனிய, மெதுவா, நடுத்தரமா, பலமா எண்டு மூண்டு விதமா அடிச்சுத் தந்தா, அதை அடுக்கிப்போட்டு ஒரு மத்தளப் பெட்டி ஆக்கலாம். பிறகு ஆரும் எடுத்துப் பாவிக்கலாம்.

ஒலிக்காரன் (வவுனியா):

இதில மட்டும் தம்பியோட நிக்கிறன். காசு குடுத்தாலும் எங்கட மத்தளத்தை விக்கிற கம்பனி இல்லை. நான் கோயில் பாட்டுக்கு வடநாட்டு டோலக்கை வைச்சு ஒப்பேத்துறன். கேட்கிற ஆக்களுக்குத் தெரியும், சொல்லுறேல்ல.

ஆனா ஐயா, ஒரே மைக்கில எல்லாம் பதிஞ்சா பிறகு மத்தளம் கூடிட்டுதெண்டு குறைக்க ஏலாது. கலந்த பால்தண்ணி மாதிரி. ரெண்டு மைக், ரெண்டு வழி வேணும். என்னட்ட ரெண்டு மைக் பூட்டிற இன்ரர்ஃபேஸ் ஒண்டு சும்மா கிடக்கு. டிரைவர் இல்லாமலே யூஎஸ்பியில ஏறிற வகை, லினக்ஸிலயும் ஏறுமாம். நான் சோதிக்கேல்ல, சோதிக்கவும் மாட்டன்.

பென்குயின் பெடியன் (கிளிநொச்சி):

நான் சோதிக்கிறன் அண்ணை. கொண்டு வாங்கோ. ரீச்சரின்ர லப்டொப்பில உபுண்டு ஸ்ரூடியோ (இசை வேலைக்கான லினக்ஸ்) பென் ட்றைவில இருந்து ஓடும், விண்டோஸை ஒண்டும் செய்யாது. உங்கட லப்டொப்பில ரீப்பரும் இருக்கட்டும். ரெண்டிலயும் ஒருக்காப் பதிவம். எது முதல் பதியுது எண்டு பாப்பம்.

ஒலிக்காரன் (வவுனியா):

நாலு மணித்தியாலம் தருவன். அதுக்கு மேல கடைசி பஸ்.

குருத்தோலை (மன்னார்):

பதிஞ்ச பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கோ. சுரம் எழுதிப் பாக்க ஆசை. மியூஸ்ஸ்கோரில அந்த விருத்தம் அடங்காது எண்டு தெரியும். தாளம் இல்லாததைக் கட்டத்துக்குள்ள போடவேணும், கமகத்துக்கு அடையாளம் இல்லை. எண்டாலும் ஒரு எலும்புக்கூடாவது இருக்கும்.

வடலி (முள்ளியவளை):

மாமாவிட்ட நேற்றுப் பின்னேரம் போனன். கொம்பியூட்டர்தான் பிந்தினது, நீங்கள் இல்லை, ரெண்டு பெரிய ஆக்கள் எழுதியே தந்திருக்கினம் எண்டு போனில வாசிச்சுக் காட்டினன். "றோட்டில இருந்து கேட்ட மாதிரி" எண்ட இடத்தில சிரிச்சிட்டார். வாறாராம். பெரியப்பாவுக்கு எதிர இருந்துதான் அடிப்பாராம், ஹெட்ஃபோன் தொடமாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வசதியோ எல்லாருக்கும்? வெள்ளி வேண்டாம். பெரியப்பா விரதம், விரதத்தில தொண்டை கட்டும். ஒலிக்காரன் அண்ணை, பஸ்ஸில வந்தா முல்லைத்தீவு பஸ் எடுங்கோ, இறங்கிற இடத்துக்கு ஆள் விடுறன். கரண்ட் போனாலும் லப்டொப் பற்றரி ஒண்டரை மணித்தியாலம் நிக்கும். அதுக்குள்ள முடிக்கோணும்.

மத்தளம் (ஒட்டுசுட்டான்):

நானும் வாறன். என்ர மத்தளத்தையும் கொண்டு வாறன், தம்பியின்ர பெட்டிக்கு அடிச்சுக் குடுக்க. வாடைக்காத்து ஈரத்தில தோல் இளகிக் கிடக்கு, வெயில் காட்டோணும். ஒம்பது மணிக்கு முதல் தொடங்காதேங்கோ.

மயிலும் அப்பத்தான் ஓயும்.